களிமண் காது

கனடாவில், மொன்றியல் நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் காவலுக்கு நின்றவர் அவர். அறுபதை நெருங்கும் வயது, மடிப்புக் கலையாத கறுப்புக் கோட்டு. ஒரு கண்ணாடிப் பெட்டியை நெருங்கும்போது மட்டும் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

அந்தப் பெட்டியில் களிமண்ணால் செய்த கால், கை, கண், காது என்று இருந்தன. இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் கிரேக்க நாட்டில், நோய் தீர வேண்டிக் கோயிலில் வைத்தவை. நம் கோயில்களில் வெள்ளிக் கண்மலர் சாத்துவதுபோலத்தான். என் மகளுக்கு நான்கு வயது, காது கேட்காது. அடுத்த வாரம் அறுவைசிகிச்சை. அந்தக் காதின் முன்னால் நகராமல் நின்றேன்.

"தமிழோ தங்கச்சி? கன நேரமா நிக்கிறியள்," என்றார்.

மகளைப் பற்றிச் சொன்னேன். அவர் அந்தக் காதைச் சுட்டிக் காட்டினார்.

"வடிவாப் பாருங்கோ. இது பெரியாக்களின்ர காதில்லை, பிள்ளையின்ர. தாயோ தேப்பனோதான் கொண்டுவந்து வைச்சிருக்கினம்."

குனிந்து பார்த்தேன். என் சுண்டுவிரல் நீளம்தான் இருந்தது. யாரோ ஒருத்தி அதைக் கையில் ஏந்திக்கொண்டு மலையேறி அந்தக் கோயிலுக்குப் போயிருக்கிறாள்.

"அந்தக் குழந்தைக்குக் கேட்டிருக்குமாண்ணா?"

"அது எழுதி வைக்கேல்லை தங்கச்சி."

அறுவைசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சில மாதங்களில், கூப்பிட்டால் மகள் திரும்பிப் பார்க்கத் தொடங்கினாள்.

பெட்டியில் இருந்த குறிப்பு வெறுமனே 'காது' என்றுதான் சொன்னது. அது ஒரு குழந்தையின் காது என்று கண்டுகொள்ள அவர் எத்தனை நாள், யாரை நினைத்து அங்கே நின்றாரோ. அன்று நான் அதைக் கேட்கவில்லை.