பம்புக்காரன் சம்பங்கி சொல்லாதது

சம்பங்கி கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கேட்டு முடித்ததும் நீங்கள் அவனைத் திட்டத்தான் போகிறீர்கள். குடியாத்தம் பக்கம் மழை பொய்த்த வருஷம் தங்கச் சுரங்கத்துக்கு வந்தவன். ஆறு வருஷம் பாறை வாரினான். சுரங்கத்துக்குள் கரண்ட் பம்ப் வந்ததும் அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. கூலிக்காரர்களுக்குக் கம்பெனி கொடுத்த ஸ்கெலட்டன் லைனில் ஒரு தட்டி வீடு, நிறைமாசமாய் மனைவி தாயம்மா. வேலை போனால் அன்றைக்கே வீடும் போகும். அங்கே அதுதான் சட்டம்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை ஷிப்ட். ஏழாம் லெவலில் பம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அழுத்தம் காட்டும் முள் பாதிக்கும் கீழே கிடந்தது. மேலே போகவேண்டிய தண்ணீர் போகாமல் குழியில் ஏறிக்கொண்டிருந்தது. சம்பங்கி பம்பை நிறுத்தி, தண்ணீர் ஊற்றி நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றை வெளியே விட்டு மறுபடி ஓட்டினான். ஊஹூம். வால்வு முழுசாய்த் திறந்திருந்தது. மோட்டார் சரியான பக்கம்தான் சுற்றியது. கடைசியில் மெழுகுவத்தியைக் கொளுத்தி உறிஞ்சுகுழாயின் இணைப்புகளிலும், பம்பின் தண்டு உள்ளே நுழையும் இடத்திலும் பிடித்துப் பார்த்தான். காற்று உள்ளே இழுத்தால் சுடர் அந்தப் பக்கம் சாயும். எங்கேயும் சாயவில்லை.

இஞ்சினீர் துரை இறங்கி வந்தார். காற்று புகாமல் தண்டைச் சுற்றி எண்ணெய்க் கயிறு அடைத்தது யார் என்று கேட்டார். ஃபிட்டர் வேலு, முந்தாநாள்தான் அடைத்தான். அவ்வளவுதான், தீர்ப்பு ஆகிவிட்டது.

"அங்க சுடர் சாயல துரை. அவன் மேல தப்பு இல்ல" என்றான் சம்பங்கி.

துரை அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. வேலுவின் பேரை அடித்தாயிற்று, சாயங்காலத்துக்குள் லைன் வீட்டைக் காலி பண்ண வேண்டும். பழைய நீராவிப் பம்பை ஓட்டிவிட்டு, இதைக் கழற்றிப் புதுக் கயிறு அடை என்று சொல்லிவிட்டு துரை ஆளேற்றும் கூண்டில் ஏறி மேலே போய்விட்டார்.

வேலு மேல் போட்ட பழி பொய் என்று காட்டியாக வேண்டும் சம்பங்கிக்கு. கயிற்றோடு நிற்காமல் பம்பின் மூடியையும் கழற்றினான். உள்ளே சுழலும் சக்கரத்தின் வாயில் வாழைநார் இறுகச் சுற்றிக் கிடந்தது. நாரில் நசுங்கிய சாமந்தி.

 முந்தின நாள் பூஜை முடிந்ததும் பம்புக்குப் போட்ட மாலையைக் கழற்றியவன் அவன்தான். சாமிக்குப் போட்ட பூவைக் கால் படுகிற இடத்தில் போடக் கூடாது, தண்ணீரில்தான் விட வேண்டும். ஊரில் ஏரி இருந்தது, ஆறு இருந்தது. பூமிக்கடியில் ஏது? குழித் தண்ணீரில் பயபக்தியோடு விட்டான். குழாய் வாயில் சல்லடை கிழிந்திருந்ததை யார் கண்டது?

நாரைப் பிய்த்து மடியில் கட்டிக்கொண்டான். கயிறு அடைத்து, மூடி போட்டு ஓட்டினான். முள் சரசரவென்று ஏறியது. கூட இருந்த ஆள் ஒருவன் மேலே போய், கயிறுதான் கோளாறு என்று துரையிடம் சொன்னான். சம்பங்கி வாய் திறக்கவில்லை.

ஷிப்ட் முடிந்து நேரே வேலு வீட்டுக்குப் போனான். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனான், சத்தியமாக. வேலு பாத்திரங்களைப் பழைய புடவையில் கட்டிக்கொண்டிருந்தான்.

"எனுக்காக துரை எதிர்ல வாயத் தொறந்தவன் நீ ஒருத்தன்தான். அது போதும்பா" என்றான் வேலு.

அவன் மனைவி பார்வதம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தாயம்மாவுக்கு சுகப் பிரசவம் ஆவணும்ணா. உங்க மனசுக்கு ஒரு கொறயும் வராது."

சம்பங்கி மூட்டைகளைப் பார்த்தான். சொன்னால் நாளைக்கு இப்படி மூட்டை கட்டுவது தாயம்மா. சொல்லாவிட்டால் இன்றைக்கு இவர்கள். 

"வண்டிக்கு நேரமாச்சு" என்றான் சம்பங்கி, பாவி. குனிந்து, கனமான மூட்டையை அவனே தூக்கிப் பார்வதம்மா தலையில் வைத்தான்.