நாலரை அக்காவின் நீல நோட்டு

ஆய்வகத்தில் அவருக்கு நாலரை அக்கா என்று பெயர் வைத்தது நான்தான். அவருடைய சொந்தப் பெயர் ஆண்டுக்கொரு முறை வரும் வேலை நீட்டிப்புக் கடிதத்தில் மட்டும் இருந்தது. அதையும் இரண்டு முறை தப்பாக அடித்திருந்தார்கள். மூன்று மாத விடுப்புக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டு, பதினெட்டு வருடம் தற்காலிகமாகவே வைத்திருந்த இடம் அது. யாரையாவது திட்ட வேண்டும் என்றால் எனக்கு அங்கே ஆளுக்குப் பஞ்சமே இல்லை. பேராசிரியரில் ஆரம்பித்து அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவர் வரை வரிசையாகத் திட்டலாம். ஆனால் அந்த வரிசையில் நான் எங்கே நிற்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாலரை என்பது ஒரு தூரம். புரதம் என்றால் அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நீளமான சங்கிலி. அது நீட்டிக்கொண்டு கிடக்காது, மடங்கிச் சுருண்டுகொள்ளும். அப்படிச் சுருளும்போது சங்கிலியில் பத்தாவதாக இருப்பதும் தொண்ணூறாவதாக இருப்பதும் பக்கத்தில் வந்து உரசும். எது எதைத் தொடுகிறது என்று தெரிந்தால், அந்தப் புரதம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, எங்கே தட்டினால் சரியும் என்று தெரியும். ஒரு மில்லிமீட்டரைக் கோடித் துண்டாக்கினால் ஒரு துண்டுக்கு ஆங்ஸ்ட்ராம் என்று பெயர். இரண்டு அமிலங்களின் அணுக்கள் நாலரை ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்தால் அது தொடுப்பு. அதற்கு மேலே போனால் இல்லை.

“கிட்டத்தட்ட தொடுது அக்கா, சேர்த்துக்கலாமே” என்று மாணவர்கள் கெஞ்சுவார்கள்.

“கிட்டத்தட்ட பாஸுன்னு சர்டிபிகேட் குடுத்தா நீ வாங்கிப்பியா? நாலரைன்னா நாலரை. ஏழரையைக் கூட்டாம போய் வேலையைப் பாரு.”

எங்கள் அறை இரண்டாவது மாடியில், குளிர் அறைக்கு அடுத்தது. கணினிகளுக்காக ஏசியை அணைக்கவே மாட்டார்கள். வெளியே வெயில் கொளுத்தும்போது அக்கா உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாற்காலியில் ஒரு சக்கரம் இல்லை. அந்த மூலைக்கு ஒரு மரக்கட்டையை அண்டை கொடுத்திருந்தார். நான் எழுதிய நிரல் தொடுப்புகளைக் கணக்கிட்டுப் பட்டியல் போடும். அக்கா அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, திரையில் புரதத்தை இடதுகையால் திருப்பித் திருப்பி, ஒவ்வொன்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். பிறகு நீல அட்டை போட்ட நீள நோட்டில் எழுதுவார். எண், எழுத்து, தூரம், குறிப்பு என்று நாலு பத்தி.

எழுத்து என்ற பத்தி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன், கதை அங்கேதான் இருக்கிறது. புரதத்தைப் படிகமாக்கித்தான் அதன் வடிவத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். படிகத்துக்குள் ஒரே புரதத்தின் பிரதிகள் நெரிசலான பஸ்ஸில் நிற்பதுபோல ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும். அதனால் வடிவத்தைப் பதிந்த சில கணினிக் கோப்புகளில் இரண்டு பிரதிகள் இருக்கும். ஒன்றுக்கு A என்று எழுத்து, மற்றதற்கு B. A-யில் இருக்கும் அமிலம் B-யில் இருப்பதை இடித்தால் அது பெரும்பாலும் நெரிசலால் வந்தது, உயிருள்ள செல்லில் அப்படி இருக்காது. அதை அக்கா ‘பக்கத்து வீடு’ என்பார். குறிப்புப் பத்தியில் அப்படியே எழுதியும் வைப்பார்.

அவர் கணவர் மின்விசிறி பழுது பார்க்கிறவர். ஒருநாள் எங்கள் ஆய்வகத்து விசிறியைச் சரிசெய்ய வந்தபோது ஏணியில் நின்றபடியே சொன்னார்: “வீட்லயும் இதே கதைதான் சார். ‘கடைக்கு கிட்டத்தட்ட போயிட்டேன்’னு போன்ல சொன்னா, எந்தத் தெரு, எத்தனையாவது கடைன்னு கேப்பா.” அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “பொய் சொல்றவங்களுக்குத்தான் அது கஷ்டம்” என்றார். எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரித்தால் ஸ்வெட்டர் கையால் வாயைப் பொத்திக்கொள்வார்.

பேராசிரியர் ஒரு கிருமியின் புரதத்தை எடுத்துக்கொண்டு நாலு வருடம் மாரடித்துக்கொண்டிருந்தார். என் நிரல் அதில் ஒரு தொடுப்பைக் காட்டியது. அறுபத்தொன்றாவது இடத்தில் லைசின், நூற்று நாற்பத்தெட்டாவது இடத்தில் குளூட்டமிக் அமிலம். ஒன்று நேர்மின், மற்றது எதிர்மின், ஜோடிப் பொருத்தம் பிரமாதம். இடைவெளி மூன்று ஆங்ஸ்ட்ராம்கூட இல்லை. பேராசிரியர் அதற்குத் ‘தாழ்ப்பாள்’ என்று பெயர் சூட்டினார். இந்தத் தாழ்ப்பாளை உடைத்தால் கிருமி செத்துவிடும், இதற்கு ஒரு மருந்து செய்யலாம் என்று பேச்சு ஓடியது. கட்டுரை வந்தால் ஆய்வகத்துக்கு ஒரு நிரந்தரப் பணியிடம் கிடைக்கும் என்றும் பேச்சு. இருந்த தற்காலிகங்கள் இரண்டே பேர், அக்காவும் நானும். “சீனியர் நீங்கதான், உங்களுக்குத்தான்” என்று பேராசிரியர் அக்காவிடம் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

கட்டுரை அனுப்புவதற்கு ஐந்து நாள் முன்பு அக்கா என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இங்க வந்து உட்காருங்க. அறுபத்தொண்ணு எந்த வீட்ல இருக்கு?”

“A.”

“நூத்தி நாப்பத்தெட்டு?”

அவர் திரையை மெதுவாகத் திருப்பினார். நூற்று நாற்பத்தெட்டு B-யில் இருந்தது. A-யில் இருக்கும் நூற்று நாற்பத்தெட்டோ இருபத்து மூன்று ஆங்ஸ்ட்ராம் தள்ளி, அந்தக் கோடியில் இருந்தது. தாழ்ப்பாளும் இல்லை, கதவும் இல்லை. என் நிரலைத் திறந்து பார்த்தேன். எண்ணைப் படிக்கச் சொல்லியிருந்தேன், எழுத்தைப் படிக்கச் சொல்ல மறந்திருந்தேன். ஒரே ஒரு வரி.

“அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. சார்கிட்ட நானே சொல்லிடறேன்.”

“இன்னிக்கே சொல்லிடுங்க தம்பி. நீங்களா சொன்னா அது வெறும் தப்பு. வேற யாராவது சொன்னா அசிங்கம்.”

அவர் நோட்டில் தேதி போட்டு எழுதினார்: 61A – 148B. பக்கத்து வீடு. நம்ப வேண்டாம், தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

நான் சொல்லவில்லை. அன்று பேராசிரியர் நல்ல மனநிலையில் இல்லை. மறுநாள் நல்ல மனநிலையில் இருந்தார், அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஐந்தாம் நாள் கட்டுரை போய்விட்டது. நாலாவது பெயர் அக்காவுடையது, தொடுப்புகளைக் கணக்கிட்டவர் என்று. விஷயம் தெரிந்ததும் அக்கா நேரே பேராசிரியரின் அறைக்குப் போனார். திரும்பி வந்து, “பாத்துக்கலாம், இப்போ கிளறாதீங்கன்னு சொல்லிட்டாரு” என்றார். அதன்பிறகு அவரும் கிளறவில்லை. அக்காவைத் தெய்வமாக்க நான் வரவில்லை. அவருக்கும் அந்தப் பணியிடம் வேண்டியிருந்தது, கட்டுரை அச்சில் வந்த பிறகும் அது இழுத்துக்கொண்டே போனது. பதினாறு வருடம் காத்திருந்தவர், இன்னும் இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு வருடத்தில் அவர் ஸ்வெட்டர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்க்கவில்லை. நான் சத்தமில்லாமல் நிரலைத் திருத்திவிட்டேன்.

குட்டு வெளியே வந்தது. வேறொரு நாட்டில் யாரோ அறுபத்தொன்றாவது அமிலத்தை மாற்றிவைத்துப் பார்த்திருக்கிறார்கள். புரதம் அசையவே இல்லை, எப்போதும்போல வேலை செய்தது. கோப்பைத் திறந்து பார்த்து, A, B என்று இரண்டே பத்தியில் இதழுக்கு எழுதிவிட்டார்கள். எங்கள் நிறுவனம் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழுவைப் போட்டது. பலிகடா யார் என்று குழு கூடும் முன்பே முடிவாகிவிட்டது. தொடுப்புகளைக் கணக்கிட்டவர் என்று அச்சிலேயே பெயர் இருந்ததே, வேறு யாரைத் தேட வேண்டும்?

விசாரணைக்கு ஒரு வாரம் முன்பு அலமாரியிலிருந்து நீல நோட்டை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அதை என்ன செய்யப்போகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது என்று சொல்லத்தான் ஆசை. தெரியும்.

விசாரணை அன்று மேசையில் பிஸ்கட் தட்டு, தண்ணீர் பாட்டில்கள். என்னிடம் நிரலைக் காட்டச் சொன்னார்கள். திருத்திய நிரலைக் காட்டினேன். “ப்ரோகிராம் சரியாத்தானே இருக்கு” என்றார் குழுவின் தலைவர். பேராசிரியர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா நிதானமாகப் பேசினார்:

“அன்னிக்கே பாத்து நோட்ல எழுதி வச்சிருக்கேன் சார். நோட்டு அலமாரியில இல்ல. பரவாயில்ல, தம்பிக்குத் தெரியும். தம்பியைக் கேளுங்க.”

அவர் என் பக்கம் திரும்பினார். தனக்காகச் சாட்சி சொல்ல வந்த ஆளைப் பார்ப்பதுபோல நம்பிக்கையோடு பார்த்தார். தலைவர் கேட்டார். நான் சொன்னேன்:

“அப்படி எதுவும் பாத்த ஞாபகம் இல்லை சார்.”

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நாலாவது ஆசிரியர் செய்த தொடுப்புக் கணக்கில் நேர்ந்த பிழையே காரணம் என்று பெயர் போட்டு அறிவித்தார்கள். அந்த வருடம் அவருக்கு நீட்டிப்புக் கடிதம் வரவில்லை. பேராசிரியருக்கு ஒன்றும் ஆகவில்லை, வேறு புரதம் எடுத்துக்கொண்டார். எட்டு மாதம் கழித்து வந்த நிரந்தரப் பணியிடத்தில் நான் சேர்ந்தேன். கேக் வெட்டினோம்.

அக்கா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அளவெடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். எனக்கும் எழுத்து மங்க ஆரம்பித்திருந்தது. போன மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கொடுத்துவிட வேண்டும் என்றுதான் போனேன்.

“வாங்க தம்பி” என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. எதிரே உட்காரச் சொன்னார். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டேன்.

“பொண்ணு காலேஜ் சேர்ந்துட்டா. உயிரியல்தான் படிக்கிறா. என் பேரைப் போட்டு இன்டர்நெட்ல தேடிப் பாத்திருக்கா. அந்த அறிவிப்புதான் முதல்ல வருது.” சின்ன அளவுகோலைத் துணியால் துடைத்தார். “‘நீ தப்பா அளந்தியாம்மா?’ன்னு கேட்டா. இல்லைன்னு சொன்னேன். சரிம்மான்னுட்டுப் போயிட்டா. நம்பினாளான்னு தெரியல. அந்த நோட்டு கிடைச்சா அவகிட்ட மட்டும் காட்டுவேன் தம்பி. வேற யாருக்கும் வேண்டாம், வேலையும் வேண்டாம். கிடைச்சுதா?”

நோட்டின் முனை பைக்குள்ளிருந்து என் தொடையில் குத்திக்கொண்டிருந்தது. எடுத்துக் கொடுத்தால், இத்தனை நாள் அது எங்கே இருந்தது என்றும் சொல்ல வேண்டும்.

“தேடிக்கிட்டுத்தான் இருக்கேன் அக்கா” என்றேன்.

“சரி. நேரா என் கண்ணைப் பாருங்க.”

அளவுகோலை என் மூக்கின் மேல் வைத்தார். கண்மணிகளுக்கு இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்க வேண்டும், அரை நிமிட வேலை. ஒரு தடவை அளந்தார். சீட்டில் எழுதப்போனவர் நிறுத்திவிட்டு இன்னொரு தடவை அளந்தார். மூன்றாவது தடவையும் அளந்தார்.

“மூணும் வேற வேறயா வருது தம்பி. என்னைப் பாக்க மாட்டேங்கிறீங்க, கண்ணு கீழயே போகுது. கிட்டத்தட்டன்னு ஒரு அளவு நான் எழுதித் தர மாட்டேன். பாக்க முடியறப்போ வாங்க.”

சீட்டைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். “அடுத்தவங்க வாங்க” என்றார்.

கண்ணாடியை வேறு கடையில் வாங்கிக்கொண்டேன். எழுத்தெல்லாம் இப்போது பளிச்சென்று தெரிகிறது, குறிப்புப் பத்தியில் இருக்கிற ‘தம்பியிடம் சொல்லிவிட்டேன்’ என்பதும். நோட்டு என் இழுப்பறையில்தான் இருக்கிறது.