வலது பக்கத்து மூக்கு

என் தங்கை புருஷனைப் பற்றி யாராவது எழுத வேண்டுமென்றால் அது நானாக இருக்கக் கூடாது. ஆனால் முழு விஷயமும் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். அதனால் நானே சொல்லித் தொலைக்கிறேன்.

அவன் மெக்கானிக். பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் மட்டும்தான் தொடுவான். நான் அதே ஷெட்டில் பெயிண்டர். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கூரையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஷீட் தொங்கும். அந்தப் பக்கம் ஆயில் நாற்றம், இந்தப் பக்கம் தின்னர் நாற்றம். என் தங்கையைக் கட்டுவதற்கு முன்பே எனக்குச் சிநேகிதன் என்பதால் எங்களுக்குள் வாடா போடாதான். முதலாளி முதல் வண்டி கழுவுகிறவர் வரை எல்லாரும் அவனை 'நூலு' என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவன் நான்.

சும்மா வைக்கவில்லை. கடையில் சிவப்புக் கம்பளி நூல் வாங்கி வருவான். விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையில் கோந்து தடவி, காரின் முகப்பிலும் பானெட்டிலும் பக்கவாட்டு ஓட்டைகளைச் சுற்றியும் ஒட்டுவான். அப்புறம் வண்டியை ஓட்டுவான். நான் ஸ்கூட்டரில் பக்கத்திலேயே போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். நூல் ஓட்டைக்குள் இழுபட்டால் காற்று உள்ளே போகிறது. சும்மா தொங்கினால் போகவில்லை. இதுதான் அவனுடைய பெரிய விஞ்ஞானம்.

"மச்சான், அழகெல்லாம் அப்புறம்டா. மொதல்ல மூச்சு. மனுஷனுக்கு மூக்கு எங்க இருக்குன்னு கேக்கவே வேணாம். கார் செஞ்சவனுங்க ஆளுக்கு ஒரு எடத்துல வச்சிருக்கானுங்க" என்பான். ஒரு காருக்கு என்ஜின் முன்னால். ரேடியேட்டருக்கு முகப்பில் வாய், பெட்ரோலில் காற்றைக் கலக்கும் கார்புரேட்டருக்குப் பானெட் மேல் ஒரு புடைப்பு. இன்னொன்றுக்கு என்ஜின் வால் பக்கம், தண்ணீரே கிடையாது, ஒரு ஃபேன்தான் காப்பாற்றும். அதன் பெல்ட் அறுந்தால் அதோடு சரி. ராத்திரி சாப்பாட்டுத் தட்டு முன்னாலும் இதே பேச்சு. என் தங்கை, "உங்க மூக்கை மூடிட்டுச் சாப்பிடுங்க" என்பாள்.

பல் டாக்டர் ஒருத்தர் தன்னுடைய பச்சைக் காரைக் கொண்டுவந்தார். இரண்டே சீட், சீட்டுக்குப் பின்னால் என்ஜின். கதவைத் தாண்டி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்.

"ஒரே மாதிரி இருக்குன்னு நம்பிடாத. இடது மூக்கு என்ஜின் மூச்சு விடறதுக்கு. வலது மூக்கு ஆயிலை ஆத்தறதுக்கு" என்றான்.

"எனக்கு ரெண்டும் ஓட்டை. பேப்பர் வச்சு மூடுவேன், பெயிண்ட் அடிப்பேன், போய்க்கிட்டே இருப்பேன்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

என்ஜினை முழுக்கப் பிரித்து மாட்ட அவனுக்கு நான்கு மாதம் ஆனது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தான். பிறகு வண்டி என் பக்கம் வந்தது. அந்தப் பச்சையை நானே கலந்தேன், ஏழு தடவை மாற்றி மாற்றி. இரண்டு ஓட்டைகளையும் பேப்பரும் டேப்பும் வைத்து மூடினேன். வலது பக்கம் டேப் சரியாக ஒட்டவில்லை, பெயிண்ட் தூள் உள்ளே போனது. அதனால் ஒரு பேப்பரைக் கசக்கி, கை போகிற ஆழத்துக்கு உள்ளே திணித்துவிட்டு, மேலே இன்னொன்றை ஒட்டினேன்.

வேலை முடிந்த அன்று காலையே டாக்டர் வந்து நின்றுவிட்டார். மறுநாள் பழைய கார்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து மலை ஏறப் போகிறார்களாம். அவசர அவசரமாக டேப்பை உரித்தேன். மேல் பேப்பர் வந்தது. உள்ளே திணித்தது என் நினைவிலேயே இல்லை.

அப்போது அவன் நூலும் கோந்துமாக வந்தான். "மச்சான், ஒரு ரவுண்டு போய்ப் பாத்துட்டுக் குடுத்துடலாம்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "பெயிண்ட் இன்னும் காயவே இல்ல. அதுல கோந்து தடவுவியா? கைய வச்ச, நடக்கறதே வேற! உன் நூலைக் கொண்டுபோய் உன் மண்டையில ஒட்டிக்கோ" என்று கத்தினேன். டாக்டர் முன்னால், முதலாளி முன்னால். அவன் நூலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிட்டான்.

இடது பக்கத்தில் பேப்பர் இருந்திருந்தால் வண்டி வாசலைத் தாண்டியிருக்காது. மூச்சு முட்டி நின்றிருக்கும், அங்கேயே தெரிந்திருக்கும். வலது பக்கம் அப்படியில்லை. சமவெளியில் காட்டிக்கொடுக்காது. தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் முள்ளும் ஒழுங்காகத்தான் நிற்கும், ஏனென்றால் ரேடியேட்டர் முன்னால் இருக்கிறது. ஆயில் மட்டும் கொதித்துக்கொண்டே போகும். பாதி மலையில் ஒரு வளைவில் என்ஜின் இறுகி நின்றது. பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி தடுப்புச் சுவரில் உரசியது. டாக்டருக்கு ஒன்றுமில்லை. தலை தப்பியது தம்பிரான் புண்ணியம்.

லாரியில் வந்து இறங்கிய வண்டியைப் பார்த்ததும் எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. எல்லாரும் டாக்டரைச் சூழ்ந்து நின்றபோது வலது ஓட்டைக்குள் கையை விட்டேன். பேப்பர் அங்கேயே இருந்தது, ஓரமெல்லாம் பழுப்பாகி. எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன!

அவன் என்ஜினைப் பிரித்தான். சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகள் கருகிக் கிடந்தன. ஆயில் அளவு சரி, குழாய் சரி, ஆயிலை ஆற்றும் கூலர் சரி. மூன்று நாள் தேடினான். கடைசியில் முதலாளியிடம் போய், "வேற எதுவும் இல்லைங்க. என் கைதான். பேரிங்கை நான்தான் தப்பா மாட்டியிருக்கேன்" என்றான். முதலாளி அவனை என்ஜினிலிருந்து எடுத்து டயர் மாற்றுகிற வேலைக்குப் போட்டார். "ஆனைக்கும் அடி சறுக்கும்டா மாப்ளே" என்று நான் அவன் தோளைத் தட்டினேன். இந்த வாய்தான் அதைச் சொன்னது.

டயர் வேலையோடு போயிருந்தால் பரவாயில்லை. சக்கர நட்டை முறுக்குவான், நான்கு அடி நடப்பான், திரும்பி வந்து மறுபடி முறுக்குவான். வண்டி வெளியே போன பிறகு தெருமுனை வரை ஓடிப்போய் நிறுத்தி இன்னொரு தடவை பார்த்த நாளும் உண்டு. வண்டி கழுவுகிறவர்கூடச் சிரிக்க ஆரம்பித்தார். நூலை அவன் தொடவே இல்லை.

இப்படியே ஒன்றரை வருஷம் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கை அடுக்களை வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, அடுப்பை அணைச்சுட்டேன்னு நான் சொன்னாலும் நம்ப மாட்டேங்கறார். தானே அணைச்சாலும் நம்ப மாட்டேங்கறார். நேத்து அஞ்சு தடவை எழுந்து போய்ப் பாத்தாரு. நீங்களாவது பேசிப் பாருங்களேன்."

அந்த நேரத்தில் அவர்கள் பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பிரேக் கம்பி தளர்ந்து தொங்கியது. எட்டு வயசுப் பிள்ளைக்கே தெரியும், ஒரு ஸ்பேனர், ஒரு நிமிஷ வேலை.

"அப்பா, இதைக் கொஞ்சம் டைட் பண்ணிக் குடுங்கப்பா."

அவன் சைக்கிளைப் பார்த்தான். கையைப் பார்த்தான். "கடையில குடுத்துப் பண்ணிக்கலாம்மா. அப்பா பண்ணினா சரியா வராது" என்றான்.

நாசமாய்ப் போக, என்னத்தைச் செய்து வைத்திருக்கிறேன் நான்! உலகத்தில் எந்த என்ஜினையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிறவன், பெற்ற பெண்ணின் பிரேக்கைத் தொட நடுங்குகிறான். நேராக ஷெட்டுக்குப் போனேன். என் பெயிண்ட் அலமாரியில் டப்பாக்களுக்குப் பின்னால் அந்தப் பேப்பர் இருந்தது. ஏன் எரிக்காமல் வைத்திருந்தேன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. எடுத்துக்கொண்டு திரும்பி வந்து அவன் முன்னால் வைத்தேன்.

"மாப்ளே, உன் கை இல்லடா. இது வலது மூக்குல இருந்தது. நான்தான் திணிச்சேன். நான்தான் எடுத்து ஒளிச்சேன்."

அவன் பேப்பரைப் பிரித்தான். ஓரத்தில் என்னுடைய பச்சை. அந்தப் பச்சையை வேறு யாராலும் கலக்க முடியாது. ரொம்ப நேரம் தடவிக்கொண்டே இருந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பேரிங் சரியாத்தான் மாட்டியிருந்தேனா?" என்றான்.

"சரியாத்தான்டா மாட்டியிருந்த."

"அன்னிக்கு நூல் ஒட்ட விட்டிருந்தா?"

ஒட்ட விட்டிருந்தால் வலது பக்க நூல் சும்மா தொங்கியிருக்கும். ஸ்கூட்டரில் போன நானே பார்த்துச் சொல்லியிருப்பேன்.

அவன் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். எழுந்து கதவைத் திறந்து பிடித்தான். "நீங்க கிளம்புங்க" என்றான்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவன் என்னை 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. தங்கை என்ன ஏது என்று புரியாமல் என் முகத்தைப் பார்த்தாள்.

மறுநாள் முதலாளியிடமும் டாக்டரிடமும் நானே போய்ச் சொன்னேன். வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டேன். அந்த வாரமே அவன் என்ஜின் பக்கம் திரும்பினான். ஷீட்டின் கிழிசல் வழியாகப் பார்த்தேன். ஒரு நட்டை முறுக்கினான். நான்கு அடி நடந்தான். நின்றான். திரும்பி வரவில்லை, கை கழுவப் போய்விட்டான். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது நான் பெயிண்ட் அடித்து முடித்த ஒவ்வொரு வண்டியிலும், என்னைக் கேட்காமலேயே வந்து நூல் ஒட்டுகிறான். காய்ந்ததா, காயவில்லையா என்று பார்ப்பதில்லை. பக்கத்தில் ஸ்கூட்டரில் போக வண்டி கழுவுகிறவரைக் கூட்டிக்கொள்கிறான். திரும்பி வந்ததும், "முடிஞ்சுது, எடுத்துக்கோங்க" என்று மட்டும் சொல்கிறான். நான் துணியை எடுத்துக்கொண்டு போய்க் கோந்தைத் துடைக்கிறேன்.