மூவார் பேருந்தில் ஓடிய நிரல்

ஜோகூர் பாருவிலிருந்து மூவாருக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். அங்குள்ள நாற்காலித் தொழிற்சாலை ஒன்றுக்காகக் கிளவுட் தளத்தில் நான் உருவாக்கிய ஆர்டர் செயலியை மதியம் முதலாளிக்குக் காட்ட வேண்டும். ஓர் ஆர்டர் வந்தால் அருமையாக ஓடும்; மொத்தமாக ஏற்றினால் பாதியில் நின்றுவிடும். பிடிக்காவிட்டால் வேலையை வேறு நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுவார்.

"அலமாக்! ஐயோ!" என்று மடிக்கணினியைப் பார்த்து முனகினேன்.

பக்கத்து இருக்கையில், மடியில் குழந்தையைத் தூங்கவைத்திருந்த பெண் எட்டிப் பார்த்தார்.

"சாரி தங்கச்சி, பாத்துட்டேன். ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனியா போய் ஸ்டாக் இருக்கான்னு கேக்குது லா. அத்தனை தடவை கேட்டா தளமே நிறுத்திடும். எல்லாத்துக்கும் சேத்து ஒரே தடவையா கேளு."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. கடகடவென்று அப்படியே மாற்றி எழுதி, ஆர்டர்களை மொத்தமாக ஏற்றினேன். திரை முழுக்கப் பச்சை!

"ஓடுதுக்கா!" என்று கத்தியே விட்டேன். பேருந்தே திரும்பிப் பார்த்தது. குழந்தை வீறிட்டது. அக்காவின் கண்கள் கலங்கியிருந்தன.

"நானும் இதே வேலைதான் பாத்தேன், இவன் பொறந்ததும் விட்டுட்டேன். எல்லாம் மறந்துபோச்சுன்னு நெனச்சேன்மா."

"எங்க ஆபீஸ்ல ஆள் தேடுறாங்க. வர்றீங்களாக்கா?"

மதியம் முதலாளி எவ்வளவு ஏற்றியும் செயலி நிற்கவில்லை. அடுத்த மாதமே அக்கா எங்களுடன் சேர்ந்தார்.

யாராவது எட்டிப் பார்த்தால் சட்டென்று திரையை மூடிவிடுவது என் பழக்கம். அன்று பதற்றத்தில் மறந்துவிட்டேன். அப்படி மறந்ததை நினைத்தால் இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.