கிரில்லில் சொருகிய சாமந்தி

கடலூரில் சர்வீஸுக்கு விட்ட காருக்காகக் காலையிலிருந்து காத்திருந்ததில் இடுப்பு விட்டுப்போனது. மெக்கானிக் பானெட்டைத் திறந்ததும், சூட்டில் வெந்த சாமந்தி வாசனை வந்தது.

அப்பா சிதம்பரத்தில் அம்பாசிடர் டாக்சி ஓட்டினார். விடிந்ததும் ஆயில் பார்ப்பார், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார். அதன் பிறகுதான் காபி. ஒருநாளும் தவறியதில்லை.

திருவந்திபுரத்தில் அத்தைக்குக் கல்யாணம். கல்யாணப் பெண் போகிற கார் அழகாக இருக்கட்டும் என்று எட்டு வயதில் நான் முன்பக்க கிரில் முழுவதையும் சாமந்தியால் அடைத்துவிட்டேன். காற்றுப் புகாமல் என்ஜின் கொதித்து, ஆலப்பாக்கம் தாண்டி வண்டி நின்றது.

"முகூர்த்தம் போயிடும் போலிருக்கே! என்ன மச்சான் வண்டி வச்சிருக்கீங்க?" என்று மாமா கத்தினார்.

அப்பா பூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"காலைல தண்ணி ஊத்த மறந்துட்டேன் மச்சான்" என்றார்.

கடைசி நிமிடத்தில் தாலி ஏறியது. அதன்பின் ஒவ்வொரு விசேஷத்திலும் "தண்ணி ஊத்திட்டீங்களா?" என்று உறவெல்லாம் சிரித்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அவர் கண்மூடும்வரை நான் உண்மையைச் சொல்லவில்லை.

"யாரு மேடம் இவ்ளோ பூவ சொருகுனது? வண்டி ஹீட்டாயிடும்ல?" என்றார் மெக்கானிக்.

ஆயுதபூஜைக்குச் சொருகியது என் மகள்.

"நான்தான்" என்றேன், நாற்பது வருடம் தாமதமாக.