கதவில்லா ஊரின் கடைசி அத்தியாயம்

ஒரு பாயை விரித்து, ஒரு முழம் தள்ளி இன்னொரு பாயை விரித்துவிட்டு, நடுவிலுள்ள புல்லைக் கையால் அளந்து பார்க்கிறார் ஜாரூணி. ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து, ஐந்து பேராகக் கூடி அரசியல் பேசினால் பாங்காக்கில் குற்றம். ஆகவே இந்தப் பாயில் நாலு பேர், அந்தப் பாயில் நாலு பேர். பூங்காக் காவலாளி எட்டிப் பார்த்தால், "அவங்க யாரோ, நாங்க யாரோ" என்று முகம் மாறாமல் சொல்வார். எட்டுப் பேர் மடியிலும் இருப்பது ஒரே நாவல்.

வீடுகளுக்குக் கதவே வைக்கக் கூடாது என்று சட்டம் போட்ட நாட்டில், ஒரு தச்சன் திருட்டுத்தனமாகக் கதவு செய்கிற பழைய கதை அது. கிடைத்தது ஒரே பிரதி. யார் முதலில் படிப்பது என்று மற்றவர்கள் வாக்குவாதம் செய்துகொண்டிருக்க, தையற்காரியான ஜாரூணி கத்தரியை எடுத்து அதை எட்டாகப் பிரித்துவிட்டார். ஒவ்வொரு துண்டுக்கும் ஜீன்ஸ் துணியில் அட்டை. படித்தவர் தம் பங்கை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

டாக்சி ஓட்டும் தனோங் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "புத்தகத்தப் போய் வெட்டுறீங்களே அக்கா!"

"வெட்டாம எவன்டா தைச்சான்?"

ஜாரூணி சந்து முனையில் தையல் மெஷின் போட்டு நாளெல்லாம் பேன்ட்டுக்குக் கால் குறைக்கிறவர், ஆறாம் வகுப்போடு நின்றவர். ஆனால் கதையின் ஓட்டையைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு நிகர் அவர்தான். "சட்டம் போட்டவன் வீட்டுக்குக் கதவு இருந்துச்சா, இல்லயா? அத எவனும் சொல்ல மாட்டேங்கிறான் பாரு" என்று கேட்டு, பச்சை மாங்காயை உப்பு மிளகாயில் தோய்த்துக் கடிப்பார். படித்தவர்கள் தத்தம் துண்டை மறுபடி புரட்டுவார்கள்.

மூன்றாம் வாரம் முதல் நீலத்தொப்பிக்காரர் ஒருவர் மரத்தடியில் வந்து உட்கார்ந்து, பேசுவதையெல்லாம் நோட்டில் எழுத ஆரம்பித்தார். ஒருவர் வீட்டுக்கு போன் வந்தது. இன்னொருவருக்கு அலுவலகத்தில் விசாரணை. வராதவர்களை ஜாரூணி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவருக்கும் பயம்தான்.

போன ஞாயிறு கடைசி அத்தியாயம். வந்தது மூன்றே பேர்: ஜாரூணி, தனோங், கல்லூரி மாணவி இங். வந்ததும் தகராறு. தச்சன் கதவு செய்வது அவன் மச்சானுக்கு முன்பே தெரியுமா, தெரியாதா? அந்தப் பாகத்தை வைத்திருந்தவர் வரவில்லை. பயத்தில் இவர்கள் யாரும் குறிப்பெடுப்பதும் கிடையாது.

ஜாரூணி எழுந்து நேரே மரத்தடிக்குப் போனார். இங் அவர் பாவாடையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை.

"தம்பி, நாலாம் வாரம் நாங்க என்ன பேசினோம்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

அந்த ஆள் திருதிருவென்று விழித்தார். பிறகு, பழக்க தோஷமோ என்னமோ, பக்கத்தைப் புரட்டிவிட்டார். "மச்சானுக்குத் தெரியும்… அப்படின்னு தையல்காரம்மா சொன்னதா இருக்கு."

"பாத்தியா, நான் சொல்லல?" என்று தனோங் பக்கம் திரும்பி வெற்றிப் பார்வை பார்த்தார் ஜாரூணி.

நீலத்தொப்பிக்காரர் குரலைத் தாழ்த்தினார். "கடைசில மாட்டிக்கிறானா?"

"வந்து உக்காந்து கேளுங்க. நாலு பேருதான் ஆகும், சட்டம் ஒண்ணும் சொல்லாது."

"உக்காரக் கூடாதும்மா. எழுத மட்டும்தான் சொல்லியிருக்காங்க."

ஜாரூணி பையிலிருந்து கடைசிப் பாகத்தை எடுத்தார். தனோங் பதறி ஓடிவந்தார். "உள்ள வைங்கக்கா! அவரு பிடுங்கிட்டாருன்னா வேற பிரதிக்கு எங்க போறது?"

"அதுக்குத்தான்டா" என்றார் ஜாரூணி. தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பிறகு அங்கேயே, மரத்தடியில் நின்றபடி வாசிக்கத் தொடங்கினார். முதல் வாக்கியம் முடிந்ததும் நிறுத்தி, அந்த ஆளின் பேனாவைப் பார்த்தார். அது எழுதி முடித்து நோட்டிலிருந்து மேலே எழும்பிய பிறகுதான் இரண்டாவது வாக்கியத்துக்குப் போனார்.