ஓடைக்கு வழி சொன்னவர்

முதலில் தெரிந்தது, நாற்றம் இல்லை என்பதுதான்.

ஆம்பூர் ஸ்டேஷன் பக்கம் லைன் வீட்டில் இருந்தவரை, தோல் ஊறுகிற நாற்றத்தோடுதான் தூங்கி எழுந்தோம். நான் எட்டாவது முடித்த லீவில், பீரோவையும் பாய்களையும் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு, மலையடிவாரத்தில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். இறங்கியதும் என் தங்கை மெர்சி மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள்.

"அக்கா, இங்க ஒண்ணுமே நாறல!"

அப்பா சிரித்தார். அவர் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் மேஸ்திரி. அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் தையல் வேலை.

வீட்டுக்குப் பின்னால் பத்து நிமிஷம் நடந்தால் ஓடை. அதைக் காட்டியது பக்கத்து வீட்டு ஷபானா. என் வயசுதான். நாலு ஆடு வைத்திருந்தாள். அவற்றை ஓட்டிக்கொண்டு அவள் முன்னால் போக, நாங்கள் பின்னாலேயே போவோம்.

அந்த லீவு முழுக்க ஓடைதான்... மணலைக் கையால் தோண்டினால் ஊற்று. முதலில் கலங்கலாக வரும். கொஞ்சம் பொறுத்தால் தெளிந்துவிடும். குனிந்து, வாயை வைத்தே குடிப்போம். கரையில் களாப்பழம். சாயங்காலம் நாக்கு கறுத்துப்போய் வீட்டுக்கு வருவோம். ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். மெர்சி தினமும் எண்ணுவாள், ஒவ்வொரு நாளும் வேறு கணக்கு வரும்.

ஸ்கூல் திறந்து ரெண்டு மாசம் இருக்கும். மெர்சியின் காலில் புண் வந்தது. மருந்து போட்டும் ஆறவில்லை. ஊற்றில் நுரை தெரிந்தது. நாங்கள் அதையும் ஒதுக்கிவிட்டுக் குடித்தோம்.

அப்புறம் ஒரே வாரத்தில் ஷபானாவின் ரெண்டு ஆடுகள் செத்தன.

ஷபானாவின் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். "மேல ஒரு டிராக்டர் வந்து எதையோ கொட்டிட்டுப் போவுதாம். உங்க பசங்களும் அங்கதானே தண்ணி குடிக்குதுங்க? வாங்க, இன்னான்னு கேப்போம்."

சனிக்கிழமை அம்மா அரை நாள் லீவு போட்டார். நானும் ஷபானாவும் கூடப் போனோம். ஓடைக்கு மேற்பக்கம், மண் ரோட்டில் காத்திருந்தோம். தார்ப்பாய் மூடிய டிராக்டர் ஒன்று வந்தது. தோல் சீவும்போது விழுகிற நீலத் தூளும் சேறும் அதன் ஓரத்தில் வழிந்துகொண்டிருந்தன. அம்மா நடு ரோட்டில் போய் நின்றார்.

"வண்டியத் திருப்பு. இங்க கொட்டக் கூடாது."

"என்னாண்ட இன்னாத்துக்குக்கா கத்துறீங்க?" என்றான் டிரைவர். "மேஸ்திரி வழி சொன்னாரு, நான் வர்றேன். 'எங்க வூட்டுக்குப் பின்னாடி ஓடை இருக்குது, யாரும் பாக்க மாட்டாங்க'ன்னு அவர்தான் முதலாளியாண்ட சொன்னாரு."

"எந்த மேஸ்திரி?"

அவன் எங்கள் அப்பாவின் பெயரைச் சொன்னான்.

ஷபானாவின் அம்மா என் அம்மாவைத் திரும்பி ஒரு முறை பார்த்தார், அவ்வளவுதான். ஷபானா என் பக்கத்திலிருந்து நகர்ந்துபோய்த் தன் அம்மாவின் அருகே நின்றுகொண்டாள்.

அன்று அப்பா வேலை முடிந்து வந்தபோது, அம்மா அவரை வாசப்படி ஏற விடவில்லை.

"முதலாளி கேட்டாரு. பொல்யூஷன் போர்டுல செக்கிங் வர்றாங்க, எங்கனா ஒரு எடம் சொல்லுன்னாரு. நான் வேற இன்னா பண்றது?" என்றார் அப்பா.

"உன் பொண்ணுங்க எங்க வெளையாடுதுங்கன்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும். மேல தள்ளிதானே கொட்றாங்கன்னு நெனச்சேன்..."

"மேல கொட்டுனா கீழதாண்டா வரும்!"

அதுவரை அப்பாவிடம் 'நீங்க' என்று மட்டுமே பேசிய அம்மா அவர். தெருவே வெளியே வந்து பார்த்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவரைப் பார்த்து எனக்குப் பாவமாக இல்லை. ஒரு துளிகூட இல்லை.

மறுநாள் சர்ச்சுக்குப் போகவில்லை. அம்மா மண்வெட்டியை எடுத்து அவர் முன்னால் போட்டார். மூன்று ஞாயிற்றுக்கிழமை, அப்பா தனியாக அந்த நீலச் சேற்றை வழித்து மூட்டை கட்டினார். அம்மா கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மூட்டைகள் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது.

இனிமேல் வழி சொல்ல மாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னதால் அப்பாவின் மேஸ்திரி வேலை போயிற்று. வேறொரு டேனரியில் கூலியாகச் சேர்ந்தார். டிராக்டரும் அப்புறம் வரவில்லை. ஆனால் அந்த ஊற்றில் மறுபடி யாரும் வாய் வைக்கவில்லை. ஷபானா கடைசிவரை என்னோடு பேசவேயில்லை. ஒரு வருஷத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆம்பூருக்கே திரும்பினோம்.

இப்போது அம்மா இல்லை. அப்பா என்னோடுதான் இருக்கிறார். போன மாசம் வேலூருக்கு வெளியே ஒரு அபார்ட்மெண்டுக்குக் குடி வந்தோம். பின்னால் சின்னதாக ஒரு ஏரி. வந்த அன்றே போக வேண்டும் என்று என் மகன் குதித்தான். நான் விடவில்லை. முதலில் நான் மட்டும் போய்க் கரையைச் சுற்றி நடந்தேன். கொக்கு, நாரை எல்லாம் இருந்தன. என் கண்ணோ எங்காவது குழாய் வந்து விழுகிறதா என்றுதான் தேடியது. புது இடத்துக்குப் போனால் ஓடிப்போய்ப் பார்க்கிற அந்த சந்தோஷம்... எனக்கு அது போய் ரொம்ப வருஷமாகிறது.

திரும்பி வந்தால், பால்கனியில் அப்பா பேரனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அப்பல்லாம் உங்கம்மா ஓடைத் தண்ணிய அப்படியே குடிப்பாப்பா. இப்ப எல்லாத்தையும் நாசம் பண்ணிட்டானுங்க."

நான் பால்கனி வாசலில் போய் நின்றேன்.

"யாருப்பா நாசம் பண்ணது? சொல்லுங்க, அவனும் கேட்டுக்கட்டும்."

அப்பா ஏரியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"யாரு தாத்தா?" என்றான் மகன்.

அவர் பேரன் பக்கம் திரும்பினார். அப்புறம் சொன்னார்.

"நான்தான்பா."

மகன் ஜோக் என்று நினைத்துச் சிரித்தான். நாங்கள் ரெண்டு பேரும் சிரிக்கவில்லை.